எல்லைக்கு வெளியே பெயரில்லை: போர்ட்மெரியனின் வருகையாளர் வரைபடம்

தொலைக்காட்சித் தொடர் படமாக்கப்பட்ட ஊர்களில் வருகையாளருக்குக் கொடுக்கப்படும் வரைபடத்தை ஆவணமாக யாரும் மதிப்பதில்லை. தொடர் வந்தது, கூட்டம் வந்தது, கூட்டத்துக்காக வரைபடம் வந்தது என்று அதைக் கடைசியில் வைத்துவிடுகிறோம். வட வேல்ஸில் உள்ள போர்ட்மெரியனில் இந்த வரிசை பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒற்றைத் தாளுக்குள் அடங்குமாறு முன்பே கட்டப்பட்ட இடம் அது. அதனால்தான் எந்த நாட்டிலும் இல்லாத ஊராக அதைத் திரையில் காட்ட முடிந்தது.

முதலில் ஒரு திருத்தம். போர்ட்மெரியன் ஊரே இல்லை, தங்கும் விடுதி. அபர் யா என்ற பெயருடைய கடற்கரை நிலத்தை 1925இல் வாங்கிய கட்டடக் கலைஞர் கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ், அதற்குப் புதுப் பெயர் சூட்டி, மறு ஆண்டு ஈஸ்டருக்கு விடுதியைத் திறந்தார். போர்க்காலத்தை ஒட்டிய நீண்ட இடைவெளி நீங்கலாக 1976 வரை கட்டிக்கொண்டே இருந்தார். சதுக்கமும் மணிக்கூண்டும் நகர மண்டபமும் உண்டு; வீடுகளாகத் தோன்றுபவற்றில் பெரும்பாலானவை விருந்தினர் அறைகள். வேறெங்கோ இடிபட இருந்த கட்டடங்களின் உறுப்புகளையும் அவர் வாங்கிவந்து இங்கே பொருத்தினார். எம்ரல் மாளிகையின் ஹெர்குலிஸ் சிற்பக் கூரையை 13 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தார். கூரையை நிறுத்தச் சுவரும் வேண்டுமே என்று, பிறகு மாளிகையின் மற்ற பகுதிகளையும் தேடி வாங்க வேண்டிவந்தது.

இப்படிப் படிப்படியாக வளர்ந்த இடத்தின் பழைய வரைபடம், தன் வயதைத் தானே சொல்லிவிடும். அச்சிட்ட ஆண்டு இல்லாத தாள் கிடைத்தால், அதில் எது இல்லை என்று பார்க்க வேண்டும். பிரிஸ்டலிலிருந்து பெயர்த்துவந்த தூண் வரிசை இல்லையென்றால், அது நிறுவப்பட்ட 1959க்கு முந்தைய நிலையைத் தாள் காட்டுகிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் எழுந்த பாந்தியன் குவிமாடம் இருந்தால் அதற்குப் பிந்தையது. இந்தச் சோதனையை இன்னும் நுட்பமாக்கத் தொலைக்காட்சியே உதவுகிறது. ‘தி பிரிசனர்’ தொடருக்கான படப்பிடிப்பு இங்கே 1966 செப்டம்பரில் தொடங்கியது. அன்று எது நின்றது, எது நிற்கவில்லை என்பதற்குக் காலம் உறுதியான சாட்சி அந்தப் படச்சுருள்.

பாட்ரிக் மெக்கூஹன் நடித்த அத்தொடரின் 17 பகுதிகள் 1967 செப்டம்பர் முதல் 1968 பிப்ரவரி வரை பிரிட்டனில் ஒளிபரப்பாயின. முதல் பகுதியிலேயே ஒரு வரைபடக் காட்சி வருகிறது. கடத்திவரப்பட்ட நாயகன் கடையில் வரைபடம் கேட்கிறான். விரித்தால் அந்த ஊர் மட்டும். இன்னும் பெரியது கேட்கிறான். பெரிய தாளில் அதே ஊர். சுற்றியிருப்பது மலை, கடல். அவற்றுக்கு ஊர்ப்பெயரோ நாட்டுப்பெயரோ இல்லை. சதுக்கத்தில் பொத்தானை அழுத்தினால் இடம் காட்டும் மின்பலகை இருக்கிறது. அதிலும் வெளியுலகம் கிடையாது. பிந்தைய பகுதி ஒன்றில் தப்பிச் சென்ற நாயகன், காற்றையும் தூரத்தையும் கணக்கிட்டு ஊரை மொராக்கோ பக்கம் குறிக்கிறான். கடைசிப் பகுதியிலோ நாயகனும் உடன் தப்பியவர்களும் லாரியிலேயே லண்டன் போய்ச் சேர்கிறார்கள். உள்ளூர் வரைபடம் மட்டும் முரண்படவில்லை. அது எதையும் உரிமை கோரவில்லையே!

எல்லா வருகையாளர் வரைபடங்களும் வெளியை வெட்டிவிடுவது வழக்கந்தானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் சாதாரண ஊரை அப்படி வெட்டினால் காயம் தெரியும்: பாதியில் நிற்கும் நெடுஞ்சாலை, அடுத்த ஊருக்கு அம்புக்குறி. போர்ட்மெரியனுக்கு வரும் சாலை அங்கேயே முடிகிறது, அப்பால் முகத்துவாரம். அருகிலுள்ள மின்ஃபோர்த் ரயில் நிலையத்தையும், வெல்ஷ் பேசும் பென்ரின்டைட்ரைத்தையும் விட்டுவிட்டாலும் தாளில் ஓட்டை தெரியாது. தொடரும் இதே வெட்டையே செய்தது. படப்பிடிப்பு நடந்த இடத்தின் பெயர் கடைசிப் பகுதியின் எழுத்து வரிசை வரை வெளியிடப்படவில்லை.

தொடருக்குப் பின் ஒவ்வொரு கட்டடமும் இரட்டைப் பெயர் சுமக்கிறது. பாந்தியன் பச்சைக் குவிமாடமாகி, தொடரில் இரண்டாம் எண் எனப்படும் ஊர்த்தலைவரின் இல்லமானது. விடுதியின் முதன்மைக் கட்டடம், முதியோர் இல்லம். வட்ட வீடு, ஆறாம் எண் எனப்படும் நாயகனின் வீடு. இங்கேதான் வரைபடம் தோற்கிறது. அவ்வீட்டின் உட்புறக் காட்சிகள் எடுக்கப்பட்டது போரம்வுட் படப்பிடிப்புத் தளத்தில். தாளை நம்பி வட்ட வீட்டுக் கதவைத் தள்ளிய ரசிகர், பின்னாளில் அங்கே நினைவுப்பொருள் கடையைத்தான் கண்டார். எந்தத் தாளும் அந்தத் தளத்துக்கு ஓர் எண் ஒதுக்க முடியாது. எனவே இவ்வகை வரைபடத்தைப் படப்பிடிப்பின் வரைபடமாக மேற்கோள் காட்டும் பழக்கம் கைவிடப்பட வேண்டும். கட்டுமான வரலாற்றுக்கும், வில்லியம்ஸ்-எல்லிஸ் தன் எல்லையை எங்கே வகுத்தார் என்பதற்கும்தான் அது முதன்மைச் சான்று. அந்த எல்லையில் அவர் கடைசிவரை கண்ணாக இருந்தார். 1976இல், 93 வயதில், அவர் அங்கே எழுப்பிய கடைசிக் கட்டடம் நுழைவுச் சுங்கச்சாவடி.