கணினிக்குள் தமிழெழுத்து புகுந்த வரலாறு

இருபது ஆண்டுகளுக்கு முன் தட்டெழுதி வைத்த வினாத்தாளையோ கட்டுரையையோ இன்று கணினியில் திறந்து பார்க்கும் தமிழாசிரியர் பலர் திடுக்கிடுகின்றனர். ‘தமிழ்’ என்று எழுதிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. கோப்புக் கெட்டுவிட்டது என்றெண்ணி அதனை அழித்துவிடுவாரும் உளர். உண்மையில் அது கெடவில்லை. பாமினி என்னும் எழுத்துருவில் தகரம், மகரம், இகரக் கொக்கி, ழகரம், புள்ளி ஆகிய ஐந்துக்கும் ஒதுக்கப்பெற்ற இடங்கள் அவை. கணினி அன்றும் ஆங்கில எழுத்தையே சேமித்தது. அதன்மேல் தமிழுருவைப் போர்த்திக் காட்டியது. போர்வை நீங்கியதும் உள்ளிருப்பது தெரிகிறது, அவ்வளவே.

இந்நிலை ஏன் நேர்ந்தது என்பதை அறியத் தட்டச்சுப்பொறியின் காலத்திற்குச் செல்லவேண்டும். தமிழெழுத்து 247. மேலைநாட்டுப் பொறியிலோ ஐம்பதுக்கும் குறைவான விசைகளே உண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து 1907இல் மலாயா வந்து, பின்னர்ச் சிங்கப்பூரில் அலுவல் பார்த்த இரா. முத்தையா இச்சிக்கலை ஆராய்ந்தார். எழுத்துகளை உறுப்புறுப்பாகப் பிரித்தார். கொம்பு, கால் முதலியவற்றிற்குத் தனி விசை தந்தார். புள்ளி முதலான மேலுறுப்புகளுக்கு அவர் கண்டது ‘நகரா விசை’. அதனை அடித்தால் பொறி இடம்பெயராது. அதன் கீழேயே அடுத்த எழுத்து வந்து பொருந்தும். ஆகலின் ‘க்’ என அடிப்பதற்குப் புள்ளியை முதலிலும் ககரத்தைப் பின்னரும் அடிக்கவேண்டும். ஒலிக்கும் முறைக்கு இது மாறானது. ஆயினும் இரும்புப் பொறிக்கு அதனினும் சிறந்த வழி அந்நாளில் இல்லை.

கணினி வந்தபோது இரும்புத் தடை நீங்கிற்று. வேறொரு தடை முளைத்தது. 1963இல் அமெரிக்கர் வகுத்த ஆஸ்கி என்னும் குறிமுறையில் இடங்கள் 128 மட்டுமே. அது பின்னர் 256 ஆக விரிந்தது. அவ்விடங்களில் தமிழை எங்கே அமர்த்துவது? எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றியவாறு அமர்த்தினர். ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்க அவருடைய எழுத்துருவே வேண்டும் என்றாயிற்று. ஒரே மொழியினர் ஒருவர்க்கொருவர் மடல் எழுத மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது போன்ற நிலை அது.

இக்குழப்பத்தினூடே தமிழை முன்செலுத்தியவருள் இருவர் இவ்வட்டாரத்தினர். மலேசியரான முத்து நெடுமாறன் 1980களிலேயே தமிழ்ச் செயலி படைக்கத் தொடங்கியவர். அவருடைய முரசு அஞ்சல் பல நாடுகளில் பரவிற்று. சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்னும் முறையை ஆக்கி, 1995இல் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு இணையத்தில் தமிழிலும் ஏற வழிசெய்தார். 1997இல் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டரசு ‘தமிழ்99’ விசைப்பலகையை ஏற்றது. கோவிந்தசாமி அவ்வாண்டு மே மாதமே மறைந்தார்.

தமிழ்99 முறையைத் தமிழாசிரியர் கற்பது நன்று. ஏனெனில் அது இலக்கணத்தோடு இயைந்தது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. இரண்டு மகரம் அடுத்தடுத்து வரின் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ஙகரத்தின் பின் ககரம் வரினும் அவ்வாறே. புள்ளி வேண்டாத இடத்தில் இடையே அகரத்தை ஒருமுறை தட்டுதல் வேண்டும். ‘விதத்தில்’ என்னும் சொல்லில் முதல் தகரத்தின் பின் இது தேவைப்படும். பழகியவர் கை இதனை ஒரு வாரத்தில் மறவாமல் செய்யும்.

இது நிற்க. உலக மொழிகள் அனைத்திற்கும் ஒரே குறிமுறை வேண்டும் என்று எழுந்த யூனிகோடு 1991இல் வெளிவந்தபோதே அதில் தமிழும் இடம்பெற்றது. இந்திய அரசின் 1988ஆம் ஆண்டுக் குறிமுறையைத் தழுவித் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. விண்டோஸ் 2000 முதல் அது சாதாரணக் கணினிகளிலும் புகுந்தது. பழைய குழப்பம் இதனால் தீர்ந்தது எனலாம். புலவர் மனக்குறை தீர்ந்தது எனல் இயலாது. தொல்காப்பியர் கருத்தில் மெய்யின் இயல்பே புள்ளியுடன் நிற்றல். அகரம் ஏறினால் புள்ளி நீங்கும். யூனிகோடோ ‘க’ என்பதை முதலாகக் கொண்டு, அதன்மேல் புள்ளியைச் சேர்த்து ‘க்’ ஆக்குகிறது. மூன்றெழுத்தாகிய ‘தமிழ்’ அதன் கணக்கில் ஐந்து. தமிழெழுத்து ஒவ்வொன்றிற்கும் தனியிடம் தரும் ‘டேஸ்16’ முறையைத் தமிழ்நாட்டரசு 2010இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்றதற்கு இக்குறையும் ஒரு காரணம்.

பெயரிட்ட முறை இன்னும் வேடிக்கையானது. யூனிகோடு அட்டவணையில் ஆய்த எழுத்தின் பெயர் ‘விசர்க்கம்’! வடமொழி விசர்க்கம் வேறு, தமிழ் ஆய்தம் வேறு என்பதைப் பள்ளி மாணவனும் அறிவான். ஆயினும் ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது அவ்வமைப்பின் விதி. ஆகலின் பக்கத்தில் ‘ஆய்தம்’ என்றொரு குறிப்பைச் சேர்ப்பதோடு அது நின்றுவிட்டது.

நாள்தோறும் பயன்படும் செய்தி ஒன்று. ‘கொ’ என்பதை இருவகையாகச் சேமிக்கலாம்: ஒகரக்குறி ஒன்றாக, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. செயலி சிலவற்றிற்கு வேறு. ஆவணத்தில் ‘கொடை’ இருந்தும் தேடலில் அகப்படவில்லையெனில் காரணம் பெரும்பாலும் இதுவாகலாம். காலுக்கு மாறாக ரகரத்தை இட்டு எழுதும் பழக்கமும் இவ்வாறே தேடலைக் கெடுக்கும்.

பழைய கோப்புகளை மீட்க விரும்புவோர் முதலில் அவற்றின் படியொன்றை எடுத்து வைத்துக்கொள்ளல் வேண்டும். பின்னர்ப் புரியாத வரியொன்றின்மேல் சுட்டியை வைத்து, வேர்டு செயலியின் எழுத்துருப் பெட்டியைப் பார்த்தால், அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிடினும் அதன் பெயர் அங்கே நிற்கும். அப்பெயரைக் கொண்டு பொருத்தமான எழுத்துரு மாற்றியைத் தேர்ந்து யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். வெறும் உரைக் கோப்புகளில் இப்பெயர் தங்குவதில்லை. அவற்றிற்கு ஒவ்வொரு மாற்றியாக முயன்று பார்ப்பதே வழி. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் வரிசை கண்ணிற்பட்டால் பாமினியில் தொடங்கலாம்.