வெற்று வரியின் காரணம்: பழவேற்காட்டுக் கடலுக்கான மீன்வள அறிவிப்பும் படிமுறை மாற்றத்துக்குரிய காலமும்

மீன் கூடக்கூடிய இடங்களைச் சொல்லும் மீன்வள அறிவிப்பில் பழவேற்காட்டுக் கடலோரத்துக்கு ஒரு நாள் எண்கள் இல்லாமல் போனால், அன்று வானம் மூடியிருந்தது என்று பொருள்கொள்வது இத்துறை ஆய்வுகளில் வழக்கமாகிவிட்டது. அந்த வாசிப்பை நம்பி இன்னொரு முடிவுக்கும் வந்திருக்கிறார்கள். செயற்கைக்கோள் தரவைச் செயலாக்கும் படிமுறைகளை, அதாவது அல்காரிதங்களை, எந்த நாளில் மாற்றினாலும் மீனவருக்கு வேறுபாடு தெரியப்போவதில்லை, புயல் நாட்களை மட்டும் தவிர்த்தால் போதும் என்பது அந்த முடிவு. முதல் கூற்று பாதி உண்மை. இரண்டாவது, பழவேற்காட்டைப் பொறுத்தவரை, ஏறக்குறையத் தலைகீழ் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சர்ச்சைக்குரிய சான்று, ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அறிவிப்பின் ஒற்றை வரிதான். இறங்குதளத்தின் பெயர், திசை, கோணம், தொலைவு எத்தனை கிலோமீட்டர் முதல் எத்தனை வரை, ஆழம் எத்தனை மீட்டர் முதல் எத்தனை வரை, அட்சரேகை, தீர்க்கரேகை என்று அது அமையும். கடற்பரப்பின் வெப்பநிலையும் பச்சையத்தின் அளவும் சட்டென மாறும் விளிம்புகளைக் கண்டு இவ்வெண்கள் கணிக்கப்படுகின்றன. பச்சைய அளவு ஓஷன்சாட் வரிசை போன்ற செயற்கைக்கோள்களின் கடல்நிற உணரிகளிலிருந்து வருகிறது. அன்றைய எண்ணை எந்த உணரி தந்தது, படிமுறையின் எந்தப் பதிப்பு கணித்தது என்பது மீனவர் கைக்கு வரும் வரியில் இல்லை. ஆய்வாளர் கைக்கும் பெரும்பாலும் அந்த வரிதான் வருகிறது. சிக்கல் அங்கிருந்தே தொடங்குகிறது.

வரி வெறுமையாக இருப்பதற்கு அறியப்பட்ட காரணங்கள் மூன்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் அறிவிப்பே வராது. கடல் சீறும் நாட்களிலும் வராது. மேகம் மூடினால் உணரிக்குக் கடல் தெரியாது. மூன்றும் சரி. நான்காவது ஒன்று உண்டு, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கடல்நிறப் படத்தில் ஒரு புள்ளி மேகமா தண்ணீரா என்பதைத் தீர்மானிப்பதே ஒரு படிமுறைதான். நாசாவின் கடல்நிறச் செயலாக்கத்தில் நெடுங்காலம் இயல்பாக இருந்த அளவுகோலை எடுத்துக்கொள்வோம். அண்மை அகச்சிவப்பில், 865 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில், பிரதிபலிப்பு 2.7 விழுக்காட்டைத் தாண்டினால் அது மேகம். ஆழ்கடலில் இந்தக் கோடு நன்றாக வேலை செய்கிறது, ஏனெனில் தெளிந்த நீர் அந்த அலைநீளத்தில் ஏறத்தாழ முழுக்கறுப்பு. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறு பழவேற்காடு ஏரியை நிரப்பி, ஏரி முகத்துவாரம் வழியாக வண்டலைக் கடலுக்குள் தள்ளும்போது நிலைமை வேறு. வண்டல் நீர் அதே அலைநீளத்தில் வெளுத்துத் தெரியும்; வடிகட்டி அதை மேகம் என்று ஒதுக்கிவிடக்கூடும். நீரின் நெற்றியில் மேகம் என்று எழுதிவிட்டால் பிறகு அதன் பச்சையத்தை யாரும் கேட்பதில்லை. வடிகட்டியைத் தளர்த்தினால் மறுபக்கக் கோளாறு வருகிறது. நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு பச்சையத்தைக் கணிக்கும் வாய்ப்பாடு, வண்டலையும் கரைந்த கரிமப்பொருளையும் பாசியாக எண்ணி, கலங்கலின் ஓரத்தில் இல்லாத ஒரு விளிம்பை வரைந்துவிடும். குற்றலை அகச்சிவப்புப் பட்டை இருந்தால் இரண்டையும் பிரித்தறிவது எளிது. அண்மை அகச்சிவப்போடு முடியும் எட்டுப் பட்டைகள் மட்டுமே கொண்ட ஓஷன்சாட்-2இன் உணரிக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே ஒரு பதிப்பு மாற்றம், வெறுமையாக இருந்த வரியில் எண்ணை நிரப்பலாம், அல்லது இருந்த எண்ணை அழிக்கலாம். கரையோரப் புள்ளிகள் ஒதுக்கப்பட்டால் தொலைவிலுள்ள விளிம்புகளே மிஞ்சும். தொலைவின் தொடக்க எண் கடலுக்குள் தள்ளிப்போகும். கோட்டைக்குப்பத்திலிருந்தோ கூனங்குப்பத்திலிருந்தோ போகும் பைபர் படகுக்கு அது எரிபொருள் கணக்கு. இந்த அறிவிப்பு விசைப்படகுகளுக்கே பயன்படும், சிறுபடகுக்காரருக்கு அல்ல என்று சொல்பவர்கள், அருகிலுள்ள விளிம்புகளை அழித்ததே படிமுறையாக இருக்கலாம் என்பதை யோசித்ததாகத் தெரியவில்லை. மழைக்குப் பின் கலங்கல் தண்ணீரில்தான் இறால் என்பது குப்பத்துச் சிறுவனுக்கும் தெரியும். உணரி குருடாகும் இடமும் வலை இறங்கும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன.

இதைச் சோதிக்க வழி உண்டு. இரவுக் கடப்பில் எடுக்கப்படும் வெப்பநிலைப் படம் ஒளிப் பிரதிபலிப்பை நம்புவதில்லை. வெப்ப அகச்சிவப்பை மட்டும் பயன்படுத்துகிறது. குளிர்ந்த மேகமும் கலங்கல் நீரும் அங்கே குழம்புவது குறைவு. முகத்துவாரத்துக்கு வெளியே வெப்பநிலை கிடைத்து, பச்சையம் மட்டும் அடுத்தடுத்த நாட்களில் அதே இடத்தில் கிடைக்காமல் போனால், அந்த வெறுமை மேகத்தினுடையதாக இருக்க வாய்ப்புக் குறைவு. இரண்டு படங்களும் வெவ்வேறு நேரத்தவை என்ற ஆட்சேபம் எழும். மேகம் நகரும், வண்டல் நாவு முகத்துவாரத்தை ஒட்டியே நிற்கும். ஆகவே அந்த ஆட்சேபத்தில் அதிக வலு இல்லை.

இனி, படிமுறையை எந்த நாளில் மாற்றுவது என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்க வானிலைத் துறை நெருக்கடி வானிலை நாள் என்று ஒன்றை அறிவிக்கும்போது, செயற்கைக்கோள் தரவு மென்பொருளில் செய்யவிருந்த மாற்றங்கள் தள்ளிவைக்கப்படுகின்றன. புயலின் பாதை கணிக்கப்படும் வேளையில் அடிப்படை ஆட்டம் காணக்கூடாது என்பது நியாயமே; மழை, காற்று ஆகியவற்றுக்கான தரவுகளில் அதை நான் மறுக்கவில்லை. மீன்வள வரிக்கு அதே விதியைப் பொருத்துவதுதான் தவறு. 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே மாண்டஸ் புயல் கரையைக் கடந்தபோதும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் இக்கரையை ஒட்டி வடக்கே நகர்ந்தபோதும், கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை இருந்தது. அன்று வரியைப் படித்துப் படகை இறக்க ஆளில்லை. படிமுறையில் எதை மாற்றினாலும் சேதமில்லை. ஆபத்தான நாள் புயலுக்குப் பிந்தையது. வானம் வெளுத்திருக்கும், முகத்துவாரம் கலங்கல் கக்கும், நாட்கணக்கில் வருமானமில்லாத குடும்பங்கள் முதல் படகை இறக்கும். புயலுக்காகத் தள்ளிவைத்த மாற்றம் அந்த நாளில்தான் வந்து இறங்கும்.

 

அப்படியானால் தடைக்காலத்திலேயே மாற்றிவிடலாமே? அறிவிப்பே வெளிவராத 61 நாட்கள். இதைவிட வசதி ஏது? ஆயினும் ஒரு தயக்கம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் ஏரியிலிருந்து வெள்ளம் பாய்வதில்லை. கடல் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவில் தேறிய படிமுறை நவம்பர் கலங்கலில் தேறும் என்பதற்கு உறுதி இல்லை. எனவே புதிய பதிப்பைப் பருவமழைக் காலம் முழுவதும் பழையதோடு இணையாக ஓட்டி, இரண்டு வரிகளையும் ஒப்பிட்டபின், அடுத்த தடைக்காலத்தில் மாற்றுவதே பொருத்தமாகப் படுகிறது. ஓராண்டு தாமதம் அதிகம் என்பவர்கள், பிழையைத் திருத்துவதில் ஏற்படும் தாமதத்தை மட்டும் எண்ணுகிறார்கள். திருத்தமே புதிய பிழையாகும் வாய்ப்பை எண்ணுவதில்லை. ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை வைப்பது என்பதைப் பாடு முறையில் முன்கூட்டியே குலுக்கிப்போட்டு வகுத்துக்கொள்ளும் ஊர்களுக்கு, மாற்றம் வரும் நாளை முன்னமே சொல்லிவிடுவது விளங்காத விஷயமும் அல்ல.

ஆய்வாளர்களுக்கு இதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அறிவிப்பு வரியில் பதிப்பு எண்ணுக்கு ஒரு கட்டமும், வெறுமைக்கான காரணத்துக்கு இன்னொரு கட்டமும் சேரும்வரை, ஓஷன்சாட்-2 காலத்து வரிகளையும் அதன் பின்வந்த ஓஷன்சாட்-3 காலத்து வரிகளையும் ஒரே தொடராக ஒட்டி, அறிவிப்பைப் பின்பற்றிய படகுகளுக்கு எத்தனை விழுக்காடு கூடுதல் மீன் கிடைத்தது என்று கணக்கிடும் முயற்சிகளை நிறுத்திவைக்க வேண்டும்.