யென்ச்சிங் வளாகத்தில் ஆங்கில ஆசிரியர்கள்

லாங்டன் கில்கி என்னும் பெயர் நம் இறையியல் மாணவருக்குப் புதிதன்று. படைப்புக் கோட்பாட்டைப் பற்றி அவர் 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும், கடவுளைப் பற்றிப் பேசுவது இக்காலத்தில் எவ்வாறு இயலும் என ஆராய்ந்து 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும் நம் நூலகங்களில் உள்ளன. சிக்காகோ பல்கலைக்கழக இறையியல் கல்லூரியில் நெடுங்காலம் கற்பித்து 2004ஆம் ஆண்டில் மறைந்த இவர், தம் வாழ்வின் முதல் வேலையாகச் செய்தது சீன மாணவருக்கு ஆங்கிலம் கற்பித்தல் என்பதைப் பலர் அறியார். 1940ஆம் ஆண்டில், இருபத்தொரு வயதில், பட்டம் பெற்ற கையோடு அவர் பீக்கிங் நகரத்தின் புறத்தேயிருந்த யென்ச்சிங் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அவர் குருப்பட்டம் பெற்றவர் அல்லர். இறையியல் பயின்றவரும் அல்லர். அங்கே அவருக்கு நேர்ந்ததை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், சீனக் கிறிஸ்தவக் கல்லூரிகளில் ஆங்கிலம் எவ்வாறு நுழைந்தது என்பதை முதலில் காணவேண்டும்.

ஆங்கிலம் அங்கே எதிர்ப்பின்றி நுழையவில்லை. ஷான்டுங் மாகாணத்தில் டெங்சௌ என்னும் ஊரில் 1864ஆம் ஆண்டில் பள்ளி தொடங்கி அதனைக் கல்லூரியாக வளர்த்த பிரெஸ்பிட்டேரியன் மிஷனரி கால்வின் மட்டீர், ஆங்கிலத்தைத் தம் வகுப்பறைக்குள் அனுமதிக்க மறுத்தார். கணிதமும் பௌதிகமும் வேதாகமமும் சீன மொழியிலேயே கற்பிக்கப்பட்டன. அதற்கான பாடநூல்களை அவரே சீனத்தில் எழுதினார். அவர் கூறிய காரணம் எளியது. ஆங்கிலம் கொஞ்சம் கற்ற இளைஞன் படிப்பு முடியும்வரை காத்திருக்கமாட்டான். துறைமுக நகரத்து வணிக நிறுவனம் ஒன்றில் எழுத்தனாகப் போய்விடுவான். திருச்சபைக்கும் கிராமத்துக்கும் அவன் பயன்படான். பிற்காலத்தில் மாண்டரின் வேதாகம மொழிபெயர்ப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. ஆகவே இவரது மறுப்பைக் குறுகிய மனத்தின் மறுப்பென்று ஒதுக்கிவிட இயலாது. மக்கள் மொழியை ஆழமாக நேசித்தவர் ஒருவரின் மறுப்பு அது.

ஷாங்காய் நகரத்தில் நிலைமை வேறு. பேராயர் ஷெரெஷெவ்ஸ்கி 1879ஆம் ஆண்டில் நிறுவிய பரிசுத்த யோவான் கல்லூரியில் 1881ஆம் ஆண்டிலேயே ஆங்கிலப் பிரிவு தொடங்கிற்று. 1888ஆம் ஆண்டில் தலைமை ஏற்ற ஹாக்ஸ் பாட், ஏறத்தாழ அனைத்துப் பாடங்களையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் நிலைக்கு அதனை உயர்த்தினார். ஆங்கிலம் மாணவனின் மனத்தை விரிவாக்கும், பழைய மூடநம்பிக்கைகளிலிருந்து விடுவிக்கும் என்று அவர் வாதிட்டார். வணிகக் குடும்பங்கள் கட்டணம் செலுத்த முன்வந்தன என்பதும் உண்மை. 1905ஆம் ஆண்டில் பேரரசு தன் பழைய அரசுத் தேர்வு முறையை ஒழித்தபோது, மரபு நூல்களைக் கற்று அரசுப் பணியில் உயரும் பாதை அடைபட்டது. புதிய கல்விக்கு மதிப்பு ஏறியது. வாதத்தில் யார் வென்றார் என்பதைச் சந்தை தீர்மானித்துவிட்டது எனலாம். டஃப் ஐயர் காலத்திலிருந்து இந்திய மிஷன் கல்லூரிகளும் இதே கேள்வியைச் சந்தித்தன; நாமும் அதற்குத் தெளிவான விடை கண்டுவிட்டதாக நான் கருதவில்லை.

வென்ற கொள்கையின் விலையை அக்கல்லூரியின் மாணவர் ஒருவரே பின்னர் எழுதிவைத்தார். பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஒருவரின் மகனான எழுத்தாளர் லின் யூடாங், 1916ஆம் ஆண்டில் பரிசுத்த யோவானில் பட்டம் பெற்றவர். யோசுவாவின் எக்காளம் எரிகோவின் மதிலை வீழ்த்திய கதையை அவர் சிறுவயதிலேயே அறிந்திருந்தார். ஆனால் கணவனை இழந்த மெங் சியாங் என்னும் பெண்ணின் கண்ணீர் சீனப் பெருஞ்சுவரின் ஒரு பகுதியை இடித்துத் தள்ளிய கதையை, எழுதப்படிக்கத் தெரியாத சீனக் குடியானவனும் அறிந்த கதையை, அவர் வளர்ந்த பின்னரே அறிந்தார். அப்போது தமக்கு உண்டான வெட்கத்தையும் சினத்தையும் அவர் மறைக்கவில்லை.

1925ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் ஷாங்காயில், வெளிநாட்டார் ஆட்சிக்குட்பட்ட குடியிருப்பின் காவல்படை, சீன ஆர்ப்பாட்டக்காரர்மீது துப்பாக்கிச் சூடு நடத்திப் பலரைக் கொன்றது. ஜூன் 3ஆம் நாள் பரிசுத்த யோவானின் மாணவர், இறந்தோர்க்காகச் சீனக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட முயன்றனர். பாட் அதனைத் தடுத்தார். மாணவரில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோரும் சீன ஆசிரியர் பலரும் அன்றே வெளியேறினர். கவாங் ஹுவா என்னும் பெயரால் தங்களுக்கென ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவிக்கொண்டனர். முப்பத்தேழு ஆண்டுகள் உண்மையாய் உழைத்த ஒரு நல்ல மனிதர், ஒரு துணித்துண்டின் முன் தம் மாணவரில் பெரும்பகுதியை ஒரே நாளில் இழந்தார். அந்தக் கொடியின் பொருளை அவர் அறியாதிருந்தாரா, அறிந்தும் அஞ்சினாரா என்பதில் வரலாற்றாசிரியர் வேறுபடலாம். வெளியேறிய மாணவர் தம் மனவருத்தத்தைக் கூறிய மொழி பெரும்பாலும் அவரிடமே கற்ற ஆங்கிலமாக இருந்திருக்கும் என்பதே என் மனத்தை வருத்துகிறது.

யென்ச்சிங் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள முயன்ற பல்கலைக்கழகம். பீக்கிங் வட்டாரத்து மிஷன் கல்லூரிகள் சில ஒன்றிணைந்து உருவான இந்நிறுவனத்தின் தலைவராக 1919ஆம் ஆண்டில் பொறுப்பேற்றவர் ஜான் லெய்டன் ஸ்டூவர்ட். மிஷனரிப் பெற்றோருக்கு ஹாங்சௌ நகரத்தில் 1876ஆம் ஆண்டில் பிறந்து, சீன மொழியைச் சிறுவயது முதலே பேசி வளர்ந்தவர். 1926ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் நகரத்தின் வடமேற்கேயுள்ள ஹைடியன் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அமெரிக்கச் சிற்பி ஹென்றி மர்ஃபி சீன அரண்மனைக் கூரைகளோடு கட்டடங்களை அமைத்தார். நடுவே ஓர் ஏரி; அதன் கரையில் பௌத்த கோபுர வடிவில் உயர்ந்து நின்றது, உண்மையில் தண்ணீர்த் தொட்டி. பார்ப்பவர் சிலர் இதனைப் பண்பாட்டு மரியாதை என்றனர். சிலர் வேடம் என்றனர்.

கட்டடத்தைவிட முக்கியமானவை வேறு இரண்டு. சீன ஆசிரியருக்கும் வெளிநாட்டு ஆசிரியருக்கும் ஊதியத்திலும் வீட்டுவசதியிலும் சமநிலை வேண்டுமென்று ஸ்டூவர்ட் வற்புறுத்தினார். மிஷன் நிறுவனங்களில் அக்காலத்தில் இது சாதாரணக் காரியம் அன்று. நம் நாட்டு நிறுவனங்களின் பழைய கணக்கேடுகளைப் புரட்டியவர் இதன் பொருளை அறிவர். இரண்டாவதாக, ஆராதனைக்கும் வேதபாடத்துக்கும் மாணவர் கட்டாயம் வரவேண்டும் என்னும் விதி 1920களிலேயே கைவிடப்பட்டது. 1922ஆம் ஆண்டில் உலகக் கிறிஸ்தவ மாணவர் சம்மேளனம் பீக்கிங்கில் கூடியதை ஒட்டி எழுந்த கிறிஸ்தவ எதிர்ப்பு இயக்கம், கட்டாய ஜெபத்தை அந்நிய ஆதிக்கத்தின் கருவி எனக் குற்றஞ்சாட்டியிருந்தது. 1925ஆம் ஆண்டு இறுதியில் அரசும், மதபாடம் கட்டாயமாக இருத்தலாகாது என ஆணையிட்டது.

இவையெல்லாம் முழுமையான சமநிலையைக் கொண்டுவந்தன என்று கூறுவது மிகையாகும். பழைய அரசுத் தேர்வு முறையில் மிக உயர்ந்த பட்டம் பெற்றுப் பின்னர் கிறிஸ்தவரான அறிஞர் வு லெய்ச்சுவான் 1929ஆம் ஆண்டில் வேந்தராக நியமிக்கப்பட்டார். ஆயினும் பணமும் அதிகாரமும் ஸ்டூவர்ட்டின் கையிலும் நியூயார்க்கிலிருந்த அறங்காவலர் கையிலுமே இருந்தன.

இத்தகைய வளாகத்தில்தான் ஆங்கில ஆசிரியர் வாழ்ந்தனர். ஆண்டுக்கணக்கில் தங்கியவரும் உண்டு. 1919ஆம் ஆண்டில் வந்த கிரேஸ் பாய்ன்டன் இடையிடையே விடுப்பில் சென்றாலும் 1950களின் தொடக்கம்வரை அங்கே கற்பித்தார். ஹெரால்ட் ஷாடிக் 1925ஆம் ஆண்டு முதல் இருபதாண்டுகள் போலக் கற்பித்து, சீனப் புதினம் ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். கற்பிக்க வந்தவர் கற்றவராய்த் திரும்பினார். மாணவரோ சாதாரண மாணவர் அல்லர். இங்கே பயின்று, அமெரிக்காவின் வெல்ஸ்லி கல்லூரிக்குச் சென்று, 1926ஆம் ஆண்டில் இங்கேயே ஆசிரியையாகத் திரும்பிய பிங் சின், நவீன சீனக் கவிதையின் முன்னோடிகளுள் ஒருவர். நம் தாகூரின் கீதாஞ்சலியைச் சீனத்தில் பெயர்த்தவரும் இவரே. ஆங்கிலத்தின் வழியாக இந்தியா சீனத்துக்குள் சென்றது என்பதை மட்டீர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

1937ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் ஜப்பானியர் பீக்கிங்கைக் கைப்பற்றினர். அரசுப் பல்கலைக்கழகங்கள் தெற்கே ஓடி இறுதியில் குன்மிங் நகரில் ஒன்றாய் இயங்கின. யென்ச்சிங் ஓடவில்லை. ஸ்டூவர்ட் வளாகத்தில் அமெரிக்கக் கொடியை ஏற்றச் செய்தார். சீனக் கொடியைத் தடுத்ததால் ஒரு கல்லூரி பிளவுண்ட பன்னிரண்டே ஆண்டுகளில், வேற்றுநாட்டுக் கொடியின் நிழலில் சீன மாணவர் அடைக்கலம் புகுந்தனர். அதே போரின் விளைவு நம் மண்ணையும் தொட்டது. ஹாங்சௌவில் கூடவிருந்த அனைத்துலக மிஷனரி மாநாடு இடம் மாறி, 1938ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னைக்கு அருகே தாம்பரத்தில் கூடியது. யென்ச்சிங்கின் இறையியல் பிரிவுத் தலைவர் டி. சி. சாவ், ஆக்கிரமிக்கப்பட்ட தம் நகரத்திலிருந்து அங்கே வந்து பேசினார். கிரேமர் வாதத்தை மட்டும் நினைவில் வைத்துள்ள நாம், அந்த மனிதர் எங்கிருந்து வந்தார், எங்கே திரும்பினார் என்பதைக் கேட்பதில்லை.

இரண்டாண்டுகளுக்குப்பின் கில்கி வந்து சேர்ந்த யென்ச்சிங் இதுவே: சுற்றிலும் படை, உள்ளே வகுப்புகள். மதிலுக்குள் சிலர் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தினர். பொருளாதாரம் கற்பித்த மைக்கேல் லின்ட்ஸே போன்ற சிலர், எதிர்ப்புப் படையினருக்கு வானொலிக் கருவிகளை இரகசியமாய் அனுப்பினர். 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் போர் அறிவிக்கப்பட்டதும் கொடியின் நிழல் மறைந்தது. ஜப்பானியர் வளாகத்தை மூடினர். ஸ்டூவர்ட் சிறைப்பட்டார், சாவும் வேறு சில சீனப் பேராசிரியரும் சிறையிலடைக்கப்பட்டனர். லின்ட்ஸேயும் அவருடைய சீன மனைவியும் காரில் தப்பி மலைப்பகுதிக்குச் சென்றனர். கில்கி உள்ளிட்ட வெளிநாட்டார் பலர் 1943ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஷான்டுங்கிலுள்ள வெய்சியன் முகாமுக்கு அனுப்பப்பட்டனர்.

அந்த முகாம் முன்னாள் பிரெஸ்பிட்டேரியன் மிஷன் வளாகம். அகலம் 150 கெஜம், நீளம் 200 கெஜம் அளவேயுள்ள மதிலுக்குள் ஆயிரத்தைந்நூறுக்குக் குறையாத மக்கள்: வணிகர், வங்கியாளர், குருமார், பேராசிரியர், குழந்தைகள். பணியாளர் இல்லை. பேராசிரியர் கழிப்பிடம் கழுவினர். கில்கி கொத்தனாகவும் சமையற்காரராகவும் உழைத்தார். முதலில் அவருக்கு ஓர் எண்ணம் பிறந்தது: திறமையும் நல்லெண்ணமும் இருந்தால் மனிதர் எதையும் சமாளிப்பர்; சமயம் இங்கே தேவையற்ற அலங்காரம்.

குடியிருப்புக் குழுவில் பணியாற்றியபோது அந்த எண்ணம் உடைந்தது. ஒரே அளவுள்ள இரண்டு அறைகளில் ஒன்றில் பதினொரு ஆண்கள், மற்றதில் ஒன்பது பேர். ஒருவரை மாற்றினால் பத்துக்குப் பத்து. ஒன்பது பேரும் மறுத்தனர். நியாயம் விளங்காமல் அன்று, விளங்கியும். மிஷனரி ஒருவர் தம் குடும்பத்துக்குரிய இடத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க மறுத்தார். அருளுரை ஆயத்தம் செய்ய அமைதியான இடம் வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். இப்பகுதியை நான் வகுப்பில் வாசிக்கும்போது மாணவர் நகைப்பர். ஐந்து அறைகளுள்ள குருமனையில் பல ஆண்டுகள் வாழ்ந்த எனக்கு நகைப்பு வருவதில்லை.

1945ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொட்டலங்கள் ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு வந்து சேர்ந்தன. முகாமில் அமெரிக்கர் இருநூறு பேரே. அமெரிக்கருக்கு ஒன்றரை, மற்றவருக்கு ஒன்று எனப் பங்கிட ஜப்பானிய அதிகாரி முடிவுசெய்தார். அமெரிக்கரில் சிலர் எதிர்த்தனர்: அமெரிக்கச் சொத்து அமெரிக்கருக்கே உரியது, தலைக்கு ஏழுக்கும் மேல் கிடைக்கவேண்டும் என்றனர். பட்டினி கிடந்த குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கப் பங்கீடு நின்றுபோயிற்று. இறுதியில் டோக்கியோவிலிருந்து ஆணை வந்தது: தலைக்கு ஒன்று. அந்தச் சரக்கிலேயே தென்னாப்பிரிக்கச் செஞ்சிலுவை அனுப்பிய இருநூறு சோடிக் காலணிகளும் இருந்தன. முகாமிலிருந்த தென்னாப்பிரிக்கர் இருவர், அதே நியாயப்படி அவை யாவும் தங்களுக்கே உரியன என அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினர்.

கில்கி இவற்றை 1966ஆம் ஆண்டில் நூலாக்கினார். ஆதிப்பாவம் என்னும் பழைய கோட்பாடு தாம் கண்ட மனிதருக்கு எத்துணைப் பொருந்துகிறது என்று அவர் வியந்தார். அந்த முகாமில் தன்னலமின்றி வாழ்ந்தவர் ஒருவரையும் அவர் மறக்கவில்லை: டியன்ட்சின் ஆங்கிலோ சீனக் கல்லூரியில் அறிவியல் கற்பித்த எரிக் லிடல், முகாமின் இளைஞருக்காகத் தம் மாலைநேரங்களைச் செலவிட்டு, 1945ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் மூளைக்கட்டியால் அங்கேயே இறந்தார். ஆகஸ்ட் 17ஆம் நாள் ஏழு பேர் கொண்ட அமெரிக்கப் படைக்குழுவினர் வானிலிருந்து குதித்து முகாமை விடுவித்தனர்.

யென்ச்சிங் அவ்வாண்டே மீண்டும் திறந்தது; ஆனால் நீடிக்கவில்லை. கொரியப் போரையொட்டி 1950ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கப் பணம் நின்றது. 1951ஆம் ஆண்டு பிப்ரவரியில் அரசு பல்கலைக்கழகத்தை ஏற்றது. 1952ஆம் ஆண்டில் அது கலைக்கப்பட்டு, வளாகம் பீக்கிங் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. தம் மாணவரே எழுந்து தம்மைக் குற்றஞ்சாட்டும் கூட்டங்களில் டி. சி. சாவ் நின்றார். வெளிநாட்டு ஆசிரியர் ஒவ்வொருவராய் வெளியேறினர். 1985ஆம் ஆண்டில் பேராயர் கே. எச். டிங் முதலானோர் நான்கிங்கில் அமிட்டி நிறுவனத்தைத் தொடங்கி, மேனாட்டுத் திருச்சபைகளிடம் ஆங்கில ஆசிரியர்களைக் கேட்டனர். இம்முறை அழைத்தவர் சீனக் கிறிஸ்தவர். வருவோர் கற்பிக்கவேண்டும், பிரசங்கிக்கக்கூடாது என்னும் நிபந்தனையும் அவர்களுடையதே.

ஸ்டூவர்ட் 1946ஆம் ஆண்டில் அமெரிக்கத் தூதரானார். 1949ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் சீனாவை விட்டு நீங்கியபோது, மாவோ அவரை எள்ளி எழுதிய கட்டுரை சீனப் பாடநூல்களில் இடம்பெற்றது. 1962ஆம் ஆண்டில் வாஷிங்டனில் இறந்த அவர், 1926ஆம் ஆண்டில் இறந்து யென்ச்சிங்கில் புதைக்கப்பட்ட தம் மனைவியின் பக்கத்தில் தம் அஸ்தியை வைக்கும்படி கேட்டிருந்தார். அது நிறைவேறவில்லை. 2008ஆம் ஆண்டு நவம்பரில் அவருடைய அஸ்தி அவர் பிறந்த ஹாங்சௌ நகரத்தில் அடக்கம் செய்யப்பட்டது.