தக்காளிச் செடியைத் தாக்கும் புழுக்கள்

தக்காளிச் செடியைத் தாக்கும் புழுக்கள் என்பவை தக்காளியின் இலை, பூ, காய் ஆகியவற்றை உண்ணும் அந்துப்பூச்சிகளின் குடம்பிகள் ஆகும். தமிழ்நாட்டில் காய்ப்புழு, புரொடீனியா புழு, ஊசிப்புழு ஆகிய மூன்றும் முக்கியமானவை. செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள கேளம்பாக்கம் போன்ற சென்னையின் தென் புறநகர்ப் பகுதிகளில் மாடித் தோட்டத் தொட்டிகளில் வளரும் செடிகளையும் இவை தாக்கக்கூடும். காய்க்குள் புகுந்த புழுவைத் தெளிப்பு மருந்து எட்டாது. எனவே முட்டை அல்லது இளம்புழு நிலையிலேயே இனங்காணுதல் இன்றியமையாதது.

இனங்காணல்

காய்ப்புழு (எலிகோவெர்பா ஆர்மிசெரா): முட்டைகள் தனித்தனியாக, பெரும்பாலும் நுனி இலைகளில் இடப்படும். வளர்ந்த புழு ஏறத்தாழ 4 செ.மீ. நீளமுடையது. நிறம் பச்சை முதல் பழுப்பு வரை மாறுபடும்; பக்கவாட்டில் கோடுகள் இருக்கும். காயில் வட்டமான துளையிட்டு, தலையை உள்ளே நுழைத்து, உடலின் ஒரு பகுதி வெளியே தெரியுமாறு உண்ணும்.

புரொடீனியா புழு (இசுப்போடாப்டெரா லிட்டூரா): முட்டைகள் குவியலாக இடப்பட்டுப் பழுப்பு நிற மயிரால் மூடப்பட்டிருக்கும். இளம்புழுக்கள் கூட்டமாக இலையின் பச்சையத்தைச் சுரண்டும். வளர்ந்தவை பகலில் மறைந்திருந்து இரவில் உண்ணும்.

ஊசிப்புழு (தூத்தா அப்சொலூட்டா): தென் அமெரிக்காவைச் சேர்ந்த இது, இந்தியாவில் 2014 ஆம் ஆண்டு மகாராட்டிரத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இலையின் உட்பகுதியைக் குடைந்து அகன்ற திட்டுகளை உண்டாக்கும். காயில் ஊசித்துளைகள் தோன்றும். இலையில் மெல்லிய, வளைந்து செல்லும் வெண்கோடுகள் மட்டும் இருப்பின் அது பெரும்பாலும் இலைத்துளைப்பான் ஈயின் வேலையாகும்.

அமெரிக்கத் தோட்ட நூல்களில் கூறப்படும் தக்காளிக் கொம்புப்புழு இந்தியாவில் காணப்படுவதில்லை.

கட்டுப்படுத்தல்

சில செடிகளே உள்ள வீட்டுத் தோட்டத்திற்குக் கையால் பொறுக்கி அழித்தலே சிறந்த முறையாகும். புரொடீனியா புழுவை மாலைக்குப் பின் விளக்கொளியில் தேடுதல் வேண்டும். துளைபட்ட காய்களையும் குடையப்பட்ட இலைகளையும் உரக்குழியில் இடாமல் அப்புறப்படுத்தி அழிக்க வேண்டும்.

செண்டுமல்லி, காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியை ஈர்க்கும் பொறிப்பயிர் ஆகும். தக்காளி பூக்கும்போதே அதுவும் பூத்திருக்க வேண்டும். இதனால் 25 நாள் தக்காளி நாற்றுடன் 40 நாள் செண்டுமல்லி நாற்றை, 16 வரிசைக்கு ஒரு வரிசை வீதம் நடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கின்றது. புரொடீனியா புழுவுக்கு ஆமணக்கு பொறிப்பயிராகும். பொறிப்பயிரில் தோன்றும் முட்டைகளையும் புழுக்களையும் அழிக்காவிடில் அதுவே பூச்சி பெருகும் இடமாகிவிடும்.

வேப்பங்கொட்டைப் பருப்பை லிட்டருக்கு 50 கிராம் வீதம் இடித்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். பேசிலசு துரிஞ்சியென்சிசு என்னும் நுண்ணுயிரி, புழு அதனை உண்டால் மட்டுமே செயற்படும். இளம்புழுக்களிடம் கூடுதல் பயன் தரும். இவ்விரண்டும் வெயிலில் வீரியம் இழப்பதால் மாலையில் தெளித்தல் நன்று. காய்ப்புழுவுக்குரிய என்.பி.வி. நச்சுயிரி புரொடீனியா புழுவைக் கட்டுப்படுத்தாது. அதற்கெனத் தனி நச்சுயிரி உண்டு. ஆகையால் புழுவின் இனத்தை அறிந்த பின்னரே மருந்தைத் தெரிவு செய்தல் வேண்டும்.