எழுதப்படாத அகலம்

இன்றைய கார் டயரின் பக்கச்சுவரில் ‘185/65 ஆர் 15’ என்று அச்சிட்டிருந்தால், அந்த டயர் தன் பருத்த இடத்தில் 185 மில்லிமீட்டர் அகலமுடையது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு, உள்ளிருக்கும் இழைகள் ரேடியல் முறையில் அமைந்தவை, 15 அங்குல விட்டமுள்ள ரிம்மில் அதை மாட்ட வேண்டும் என்பது பொருள். இவ்வளவையும் சொல்லும் அந்த வரி, ரிம் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்வதில்லை. ரிம்மின் அகலம் என்பது டயரின் இரு ஓரங்களும் முட்டி நிற்கும் விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரம், அது ‘5.5 ஜே’ என்பதுபோல, பெரும்பாலும் சக்கரத்தைக் கழற்றினாலன்றிக் கண்ணில் படாத உட்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அதில் எண் அங்குலக் கணக்கையும் எழுத்து விளிம்பின் வடிவத்தையும் குறிக்கும். இணைந்தே இயங்க வேண்டிய இரண்டு அளவுகளில் ஒன்று வெளியிலும் மற்றொன்று மறைவிலும் நின்றுபோனதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. மும்பையின் கார்களைத் தொடர்ந்து பார்த்தால் அது தெளிவாகும்.

டயரின் பெயரில் ரிம் இடம்பெற்றதே தாமதமாகத்தான். ஃபோர்டு நிறுவனத்தின் ‘டி’ மாடல் காரின் முன்சக்கரத்துக்கு 30 x 3, பின்சக்கரத்துக்கு 30 x 3½ என்று அளவு சொல்லப்பட்டது. முதல் எண் டயரின் மொத்த உயரம், இரண்டாவது அதன் தடிமன். தடிமனின் இருமடங்கை உயரத்திலிருந்து கழித்தால்தான் முன் ரிம் 24 அங்குலம், பின் ரிம் 23 அங்குலம் என்பது தெரியவரும். 1920களில் குறைந்த காற்றழுத்தத்தில் ஓடும் பருத்த ‘பலூன்’ டயர்கள் பரவியபின், தடிமனையும் ரிம்மின் விட்டத்தையும் நேரடியாகக் குறிப்பிடும் வழக்கம் நிலைபெற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயின் சிவ்ரி பகுதியில் 1928இல் கார்களைப் பூட்டத் தொடங்கிய காலமும் இதுவே. விட்டம் பெயருக்குள் வந்துவிட்டது. அகலம் வரவில்லை, ஏனெனில் ஒவ்வொரு காருக்கும் உரிய ரிம்மைத் தொழிற்சாலையே முடிவுசெய்து கொடுத்துவிட்டது.

விடுதலைக்குப் பின், எதைத் தயாரிக்கவும் அரசின் உரிமம் தேவைப்பட்ட ‘உரிம ஆட்சி’க் காலத்தில் இந்த நிலை இந்தியாவில் இன்னும் இறுகியது. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், மும்பையின் குர்லாவில் ஃபியட் 1100 காரையும், 1974 முதல் அதன் வழிவந்த பிரீமியர் பத்மினியையும் தயாரித்தது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசிடர் உருவானது. சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் ஹெரால்டைத் தயாரித்தது. ஹெரால்டுக்கு 5.20-13, பத்மினிக்கு 5.20-14, அம்பாசிடருக்கு 5.90-15 என்பவை டயர் அளவுகள். மூன்று கார்கள், மூன்று விட்டங்கள் என்ற அந்தச் சந்தையில், மும்பையின் மாதுங்காவிலோ செம்பூரிலோ டயர் வாங்கப் போனவர் ‘பதினாலு’ என்று சொன்னாலே அது மஞ்சள் கூரையிட்ட கறுப்பு டாக்சியாக ஓடிய பத்மினியின் டயர் என்று விளங்கிவிடும். தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லாத இடத்தில் பொருத்தம் பார்க்கவும் ஒன்றுமில்லை. புது டயருக்குச் செலவழிக்க முடியாதவர்கள் தேய்ந்த டயரின் உடலை வைத்துக்கொண்டு மேற்பரப்புக்கு மட்டும் புது ரப்பர் ஒட்டி, அதாவது ரீட்ரெடிங் செய்து, அதே ரிம்மில் மீண்டும் ஏற்றினர். சென்னைத் திருவொற்றியூரில் 1946இல் பலூன் தயாரிப்பாகத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, 1952இல் இறங்கிய தொழில் இந்த ரீட்ரெடிங் ரப்பர்தான். டயரின் உடல் மாறாததால் ரிம்மோடு அதன் உறவும் மாறவில்லை.

அந்த உறவைக் கலைத்தது ரேடியல் டயர். பழைய டயர்களில் இழைகள் குறுக்குமறுக்காகப் பின்னப்பட்டிருந்தன. ரேடியலில் அவை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகச் செல்ல, தரையைத் தொடும் பகுதிக்குக் கீழே தனிப் பட்டை இறுக்கிப் பிடிக்கிறது. பிரான்சின் மிஷெலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை கோரிய இம்முறையில் ஜே.கே. டயர் 1977இல் இந்தியாவில் தயாரிப்பைத் தொடங்கியது. ரேடியலின் பக்கச்சுவர் நன்றாக வளைந்து கொடுப்பதால், அதை இருபுறமும் தாங்கி நிற்கும் ரிம்மின் அகலம் வண்டியின் நடத்தையை நேரடியாகத் தீர்மானிக்கிறது. பத்மினியின் 5.20 அங்குலம் ஏறத்தாழ 132 மில்லிமீட்டர். அந்த இடத்தில் 155 மில்லிமீட்டர் ரேடியலை ஏற்ற விரும்பியவர், 80 விழுக்காடு உயரமுள்ள அத்தகைய டயருக்கு 4 முதல் 5.5 அங்குலம் வரையிலான ரிம்மே தகும் என்பதை அறிந்து, தன் ரிம்மின் உட்பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதுவரை யாரும் படிக்கத் தேவைப்படாத எண் அது.

தாராவியிலிருந்து மித்தி ஆற்றைக் கடந்து குர்லா சென்றால் வரும் சி.எஸ்.டி. சாலை, டயருக்கும் ரிம்முக்குமான இப்பொருத்தம் அன்றாடம் தீர்மானிக்கப்படும் இடம். புகழ்பெற்ற ரயில் நிலையத்தின் பெயர்ச் சுருக்கம் என்று பலர் எண்ணினாலும், இது சென்ட்ரல் சால்செட் டிராம்வே என்ற இருப்புப்பாதையின் பெயர். கலினாவிலிருந்து செம்பூர் வரை நீளும் அச்சாலையின் குர்லாப் பகுதியில் இன்று அலாய் வீல்களும் அகல டயர்களும் விற்கும் கடைகள் நெருங்கி நிற்கின்றன. 2011இல் வந்த மாருதி ஸ்விஃப்ட் காரின் எளிய வகைகளுக்கு 165/80 ஆர் 14, உயர்வகைக்கு 185/65 ஆர் 15 என இரண்டு டயர்களைத் தொழிற்சாலையே கொடுத்தது. முதலாவதன் மொத்த விட்டம் 619.6 மில்லிமீட்டர், இரண்டாவதன் விட்டம் 621.5, வேறுபாடு 2 மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால் வேகமானி பிழைபடுவதில்லை. ஆனால் 185/65 டயருக்கு ஏற்ற ரிம் 5 முதல் 6.5 அங்குலம், இன்னும் அகலமான 195/65 டயருக்கு 5.5 முதல் 7 வரை. 205/55 ஆர் 16 டயருக்கு 5.5 முதல் 7.5 வரை. ரிம் அரை அங்குலம் மாறினால் டயரின் அகலமும் சுமார் 5 மில்லிமீட்டர் மாறும். ஆகவே பக்கச்சுவரில் உள்ள அகலம், குறிப்பிட்ட ஒரு ரிம்மில் வைத்து அளந்த அகலமே.

குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் பக்கச்சுவர்கள் உள்நோக்கி நெருங்கி, தரைபடும் பகுதி நடுவில் பிதுங்கி, அங்கேயே முதலில் தேய்கிறது. வளைவில் டயர் அலைவதால் ஸ்டீயரிங் சொன்னபடி வண்டி உடனே திரும்புவதில்லை. தோற்றத்துக்காக அகல ரிம்மில் குறுகிய டயரை இழுத்து மாட்டுவதோ மும்பைக்குச் சற்றும் ஒவ்வாதது. மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிள் அருகே காந்தி மார்க்கெட்டிலும் இந்துமாதாவிலும் நீர் தேங்கும்போது குழி எங்கே இருக்கிறதென்று தெரியாது. டயர் மூடிக் காக்க வேண்டிய ரிம்மின் விளிம்பே குழியின் ஓரத்தில் மோதி நெளியும், காற்று இறங்கினால் டயரின் ஓரம் இருப்பிடத்தைவிட்டு நழுவும். இந்நகரத்தின் சாலைகளைக் கருதினால், தொழிற்சாலை தந்த உயர்வகை அளவோடு நின்றுகொள்வதே தக்க எல்லை. சட்டமும் அந்தப் பக்கமே நிற்கிறது: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது, உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது.

மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது. டாக்சிகளுக்கு இந்நகரம் விதித்துள்ள 20 ஆண்டு வயது வரம்பு நிறைந்து, 2023 அக்டோபர் 30 முதல் அந்த வண்டிகள் தொழிலிலிருந்து விலகின. ‘பதினாலு’ என்ற ஒரே சொல்லுக்குக் கடைக்காரர் மறுகேள்வியின்றி டயர் எடுத்துத் தந்த காலம் அதற்கு வெகுமுன்பே முடிந்திருந்தது.