கடாரத்து இறையிலியும் கதவு வரியும்

கடாரத்திற்கும் தமிழகத்திற்கும் இருந்த தொடர்பை எழுதுவோர் பெரும்பாலும் இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பையே விரித்துரைப்பர். அவ்விரு நாடுகளுக்கிடையே வரி பற்றிய உறவு ஒன்றும் இருந்தது. நாகப்பட்டினத்தில் கடாரத்து மன்னர் மரபினர் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு, முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். பின்னர் 1090ஆம் ஆண்டில், கடாரத்தரசன் தூதர் வழியே விடுத்த வேண்டுகோளை ஏற்று, முதலாம் குலோத்துங்கன் அப்பள்ளிச்சந்த ஊர்களின்மேல் இருந்த வரிகள் சிலவற்றை நீக்கினான். லெய்டன் செப்பேடுகள் என வழங்குவன கூறும் செய்தி இது. வரிக்குறைப்பு வேண்டித் தூது அனுப்பிய அரசனின் நாடே இன்றைய கெடா என்பது அறிஞர் பலரின் முடிபு. அந்நாட்டின் தோட்டங்களிலிருந்து நகரங்களுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, தம் வீட்டுக்கு வரும் வரிப் பட்டியலைப் படித்துப் பாராமலே பணம் கட்டி வருகின்றன.

இதற்குத் தோட்ட வாழ்வே முதற்காரணம் எனலாம். லயத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தமானதன்று. வீட்டையும் தண்ணீரையும் தோட்டமே தந்தது. நிலத்திற்குரிய வரியையும் தோட்டமே கட்டியது. வேலை போனால் வீடும் போயிற்று. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, மூன்று தலைமுறை வாழ்ந்த இடத்தின்மீது தமக்கு எவ்வித உரிமையும் இல்லை என்பதைத் தொழிலாளர் நேரிற் கண்டனர். துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்ததே. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அச்சங்கம் வாங்கியவற்றுள் ஒன்று. எனினும் பெரும்பாலோர் காலப்போக்கில் சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய், பீடோங் முதலிய ஊர்களின் தாமான்களுக்கே சென்று சேர்ந்தனர். தவணை கட்டி வாங்கிய அவ்வீடுகளோடு, குடும்ப வரலாற்றில் முதன்முறையாக, சொந்தப் பெயரில் வரிப் பட்டியலும் வந்தது.

வருவது ஒரு வரியன்று, இரண்டு. மலாயில் சுக்காய் தானா எனப்படும் நிலவரி மாநில அரசுக்கு உரியது. நில அலுவலகம் அதனை வாங்குகிறது. சுக்காய் பிந்து, அஃதாவது கதவு வரி என மக்கள் வழங்கும் மதிப்பீட்டு வரி ஊராட்சி மன்றத்துக்கு உரியது. குப்பை அகற்றல், வடிகால், தெருவிளக்கு ஆகியவற்றுக்குச் செலவாவது. ஒன்றைக் கட்டிவிட்டு மற்றதும் தீர்ந்தது என எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணம் ஆபத்தானது. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி, நிலவரி மே மாத முடிவுக்குள் கட்டப்படாவிடில் நிலுவையாகும். கோரிக்கை அறிவிப்பு வந்த பின்னும் வாளாவிருந்தால் நிலமே மாநில அரசின் கைக்குப் போகக்கூடும். மதிப்பீட்டு வரி நிலுவையானால், மன்றம் வீட்டிலுள்ள பொருள்களைக் கைப்பற்ற ஆணை பிறப்பிக்கலாம்.

கட்டிடத்தின் மதிப்பைக் கொண்டு ஊர்ச்செலவுக்கு வரி விதிக்கும் முறை ஆங்கிலேயர் கொணர்ந்தது. இங்கிலாந்தில் அதன் வேர் 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் வரை செல்கிறது. 1786இல் கெடா சுல்தானிடமிருந்து பிரிந்த பினாங்கில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வீடுகளை மதிப்பிடும் குழு இயங்கியது. கெடாவோ 1909 வரை சயாமின் மேலாட்சியில் இருந்தது. அதன் பின்னரே ஆங்கில ஆலோசகரின் கைக்கு வந்தது.

இவ்வரலாற்றில் தமிழர் ஒருவரின் பெயர் அழுத்தமாக இடம்பெற வேண்டும். தீபகற்பத்தில் ஒரு காலத்தில் 370க்கும் மேற்பட்ட ஊராட்சி மன்றங்கள் இருந்தன. அவற்றின் குறைகளை ஆராய 1965இல் அமைந்த அரச ஆணையத்துக்குத் தலைவராய் இருந்தவர் மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன். அதே 1965ஆம் ஆண்டில், இந்தோனேசியாவின் பகைமைப் போக்கைக் காரணங் காட்டி, ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. மன்றங்களில் மக்கள் தேர்ந்தெடுத்தோரே அமர வேண்டும் என்பது ஆணையத்தின் கருத்து. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் மன்றங்களை ஒருங்கிணைத்தது. தேர்தலை மட்டும் மீட்கவில்லை. வாக்களித்து மாற்ற இயலாத மன்றத்திற்கு வரி செலுத்துவோரிடம் அச்சட்டம் விட்டுவைத்த கருவி ஆட்சேபம் ஒன்றே. அதனையும் அறியாதிருப்பது பெருங்குறை.

கணக்கு அத்துணைக் கடினமானதன்று. அவ்வீட்டை நியாயமான வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்பதே ஆண்டு மதிப்பு. வீட்டின் விலையோ, உரிமையாளரின் வருமானமோ அன்று. மாத வாடகை 400 வெள்ளி பெறத்தக்க வீட்டின் ஆண்டு மதிப்பு 4,800 வெள்ளி. மன்றம் நூற்றுக்குப் பத்து வீதம் விதிப்பதாகக் கொண்டால் வரி 480, அரையாண்டுக்கு 240. வீதம் மன்றத்துக்கு மன்றம் வேறுபடும். சட்டம் இடும் உச்சவரம்பு நூற்றுக்கு 35.

மதிப்பீட்டுப் பட்டியல் ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது விதி. மாநில அரசு அக்காலத்தை நீட்டிக்கவும் செய்யலாம். நீட்டிப்பு நெடுங்காலம் ஆக ஆக, பின்னர் வரும் உயர்வும் திடீரென மிகுந்து தோன்றும். புதிய பட்டியல் வெளியானதும் யாரும் அதனைப் பார்வையிடலாம். தம் வீடு மிகையாக மதிப்பிடப்பட்டதெனக் கருதுவோர், மறு ஆய்வுக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். ‘வரி அதிகம், கட்ட முடியவில்லை’ என்று எழுதுவதால் பயன் சிறிது. வாடகை மதிப்பே அங்குப் பேசப்படுவது. அதே வரிசையில் அதே அளவுள்ள வீடு என்ன வாடகைக்குப் போகிறது, அதற்கு என்ன மதிப்பு இடப்பட்டுள்ளது என்று காட்டுவதே வலுவான வாதம். முடிவில் நிறைவில்லையெனில் உயர்நீதிமன்றம் செல்லவும் வழியுண்டு.

குலோத்துங்கன் காலத்து இறையிலிக்கும் இச்சட்டத்தில் ஒரு சாயல் உள்ளது. பொது வழிபாட்டிடம், உரிமம் பெற்ற இடுகாடு, பொதுப் பள்ளி, அறப்பணி ஆகியவற்றுக்கே பயன்படுவனவற்றுக்கு மாநில அரசு விலக்கு அளிக்கலாம். ‘அளிக்கலாம்’ என்றே சட்டம் கூறுவதால், கோயில் நிருவாகத்தார் விண்ணப்பிக்காமல் தாமே விலக்குப் பெற்றதாகக் கருதலாகாது.

வீட்டின் பின்புறம் அடுக்களையை நீட்டிக் கட்டினால் மன்றம் பட்டியலைத் திருத்தி மதிப்பை உயர்த்தலாம். வீடு கைமாறினால் மூன்று மாதத்திற்குள் விற்றவரும் வாங்கியவரும் மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். இதனைச் செய்யாதோர் பலர். தந்தை மறைந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர் பெயருக்கே பட்டியல் வரும் வீடுகள் தாமான்தோறும் உள்ளன. பிள்ளைகளுள் யார் கட்டுவது என்ற பேச்சு முடிவதற்குள் நிலுவை அறிவிப்பும் அப்பெயருக்கே வந்து சேர்ந்துவிடுகிறது.