நீர்மலையும் நகரமைப்போரும்

திருநீர்மலைக்கு அத்திருநாமம் வந்த காரணம் ஆஸ்திகர் அறிந்ததே. திருமங்கையாழ்வார் எழுந்தருளியபோது மலையைச் சுற்றிலும் நீர் சூழ்ந்து நின்றமையால், அது வடியுமளவும் ஆறு மாதம் எதிரே தங்கியிருந்து, பின்னரே நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் ஸேவை ஸாதிக்கும் எம்பெருமானை மங்களாசாஸனம் செய்தார் என்பர். ஆறு மாதம் என்ற கணக்கைக் கல்வெட்டுச் சான்றுபோல் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் இப்பிரதேசத்தின் இயல்பை அந்த ஐதிஹ்யம் பிழையறச் சொல்லிற்று. இங்கே மழைக்காலத்தில் நீர் நிற்கும், மனிதனே காத்திருக்கவேண்டும்.

அந்நீரை நிர்வஹித்த முறைக்கு உத்தரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் கல்வெட்டுகள் ஸாக்ஷி. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை குடவோலைக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. அங்குக் குறிக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று என்பதை மேடைப் பிரஸங்கிகள் ஏனோ விட்டுவிடுகிறார்கள். ஆண்டுதோறும் மாறும் உறுப்பினர் கையில் ஏரி இருந்தது.

பின்வந்த வருவாய்க் கணக்கில் ஏரிக்கு வேறொரு பெயர் சேர்ந்தது: புறம்போக்கு. இச்சொல்லுக்கு, தீர்வைக்குப் புறம்பான பொது நிலம் என்பதே பொருள். பயனற்றது என்று பொருளன்று. வரி விளையாத நிலத்தை விளைவற்ற நிலமென்று கொண்டதே நகரமைப்போர் செய்த பொருட்பிழை. ஒரு பதத்திற்கு அர்த்தம் தவறினால் அதன்மேல் எழும் வியாக்யானம் முழுதும் தவறும் என்பது நம் மரபில் சிறுவரும் அறிந்தது.

எல்லோரையும் ஒருசேரக் குறைகூறலாகாது. 1914ஆம் ஆண்டு இறுதியில் இந்தியா வந்த ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ், தென்னாட்டுக் கோயில் நகரங்களின் அமைப்பை வியந்தவர். குளங்களைத் தூர்க்காமல் தூய்மை செய்து காக்கவேண்டுமென்றவர். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் பிறந்தது. கெடிஸ் சொன்ன அறிவுரையோ ஏட்டளவில் நின்றது. அந்தப் பத்தாண்டிலேயே மாம்பலத்து நெடிய ஏரியை வற்றச்செய்து தியாகராய நகரை எழுப்பினர். மனைகள் வேண்டியிருந்தன என்பது மெய். ஆனால் வெள்ளம் எங்கே தங்கும் என்ற கேள்விக்கு அத்திட்டம் விடை வைக்கவில்லை.

அதே கேள்வி இன்று கோவிலம்பாக்கத்தின் வாசலில் நிற்கிறது. கீழ்க்கட்டளை ஏரியின் உபரிநீர் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்கும், பின் ஒக்கியம் மடுவு வழியே கடலை நோக்கியும் செல்லவேண்டும். நடுவே பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலை, இருமருங்கும் குடியிருப்பு, சதுப்பின் ஒரு பகுதியில் பெருங்குடிக் குப்பைமேடு. 2015 டிசம்பர் மழையில் இப்பக்கத்துத் தெருக்களில் நீர் புகுந்ததற்கு மேகத்தை மட்டும் காரணமாக்குதல் நியாயமன்று. 2022இல் பள்ளிக்கரணையின் 1,247 ஹெக்டேர் ராம்ஸர் ஸாஸனத்தின்கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள நீர்நிலமாக அறிவிக்கப்பட்டது. புறம்போக்குக்கு இப்போது புதிய பதவுரை கிடைத்திருக்கிறது; கால்வாய்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

கைங்கர்யபரர் குடும்பங்களில் பழைய மான்யப் பத்திரங்கள் இருக்கக்கூடும். நிலத்தின் நாற்பாலெல்லையைச் சொல்லுமிடத்து ஏரி, கலங்கல், வாய்க்கால் ஆகியவற்றைப் பெயரிட்டுச் சொல்வது அவற்றின் வழக்கம். தாம்பரம், பல்லாவரம் பக்கத்துப் பத்திரங்களை வைத்திருக்கும் ஸ்வாமிகள், கறையான் தின்னுமுன் அவ்வெல்லை வாசகங்களைப் பிரதிசெய்து வைப்பாராக.